ரக்பி ஸ்க்ரம்: முன் வரிசையும் பாதுகாப்பும்

ஸ்க்ரம் என்பது ரக்பி யூனியன் ஆட்டத்தில் சிறு தவறுகளுக்குப் பின் ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் முறை. அணிக்கு எட்டுப் பேர் ஒருவரையொருவர் இறுகப் பற்றிக் குனிந்து எதிரணியைத் தள்ளுவார்கள். நடுவே இடப்படும் பந்தைக் காலால் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும் அணி ஆட்டத்தைத் தொடரும். எதிரணியோடு நேருக்கு நேர் தோள் கோத்து நிற்பவர்கள் முன் வரிசை மூவர்: நடுவில் ஹூக்கர், இருபுறமும் ப்ராப்.

பின்னால் நிற்கும் ஐவரின் விசையும் எதிரணி எட்டுப் பேரின் விசையும் இந்த மூவரின் தோளிலும் கழுத்திலும்தான் சந்திக்கின்றன. ஹூக்கரின் கைகள் இரண்டும் ப்ராப்களின் உடலைப் பற்றியிருப்பதால், ஸ்க்ரம் சரிந்தால் அவரால் கையூன்றக்கூட முடியாது. இடப்பக்க ப்ராப்பான 'லூஸ்ஹெட்'டின் தலைக்கு ஒரு பக்கம் திறந்திருக்கும். வலப்பக்க 'டைட்ஹெட்'டின் தலையோ எதிரணி ஹூக்கருக்கும் லூஸ்ஹெட்டுக்கும் நடுவே இறுகிக் கிடக்கும். இரண்டு தோள்களிலும் சுமை ஏறும். இந்த மூன்று இடங்களுக்கும் உடல் வலு மட்டும் போதாது. பழக்கிய கழுத்தும் நேரான முதுகும் வேண்டும், சரியும் நேரத்தை முன்கூட்டியே உணரும் அனுபவமும் வேண்டும்.

தொடக்க காலம்

1871-இல் லண்டனில் ரக்பி சங்கம் உருவானபோது அணிக்கு 20 பேர் ஆடினர். 1877-இல் சர்வதேச ஆட்டங்களில் அது 15 ஆனது. அந்நாளில் ஸ்க்ரம்மில் அவரவர்க்கென இடம் இல்லை. முதலில் ஓடிவந்தவர் முன்னால் நின்றார். 1905-இல் பிரிட்டனுக்கு வந்த நியூசிலாந்து அணி இருவர், மூவர், இருவர் என ஏழு பேரை மட்டும் அடுக்கி, அவரவர் இடத்தை வரையறுத்துக்கொண்டு ஆடியது. 1930-இல் நியூசிலாந்துக்குச் சென்ற பிரிட்டிஷ் அணியின் மேலாளர் இதைக் கடுமையாக எதிர்த்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் முன் வரிசையில் மூவர் என்பது விதியாயிற்று.

காயங்கள் பேசத் தொடங்கின

1970களிலும் 80களிலும் முதுகுத்தண்டு மருத்துவர்கள் எச்சரிக்கத் தொடங்கினர். கேப்டவுனில் மருத்துவர் ஷெர் 1977 முதல் ரக்பி கழுத்துக் காயங்களைப் பற்றி எழுதினார். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் சில்வர் 1984-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் தம் ஆய்வை வெளியிட்டார். இரு கணங்கள் ஆபத்தானவையாகத் தெரிந்தன: இரு அணிகளும் தலை தாழ்த்தி மோதும் கணம், மோதியபின் ஸ்க்ரம் சரியும் கணம்.

19 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களில் குனிந்து, தொட்டு, நிறுத்தி, பிறகே இணைய வேண்டும் என்ற படிமுறை 1991-இலேயே விதியாக இருந்தது. அந்த அக்டோபரில் சட்டன் கோல்ட்ஃபீல்டு, பர்ட்டன் கிளப்களின் இளையோர் ஆட்டம் ஒன்றில் ஸ்க்ரம் திரும்பத் திரும்பச் சரிந்தது. 17 வயது ஹூக்கர் ஒருவரின் கழுத்து முறிந்தது. அந்தப் படிமுறையை நடுவர் கடைப்பிடிக்கச் செய்யவில்லை என்று வழக்குத் தொடரப்பட்டது. ஆட்டக்காரர்களின் பாதுகாப்பில் நடுவருக்குச் சட்டக் கடமை உண்டு என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996 டிசம்பரில் உறுதிசெய்தது.

இரண்டாவது வழக்கு வேல்ஸிலிருந்து வந்தது. 1998 ஜனவரியில் லான்ஹாரன், டோண்டு கிளப்களின் இரண்டாம்நிலை அணிகள் மோதின. ஆட்டத்தின் நடுவே லான்ஹாரனின் லூஸ்ஹெட் ப்ராப்புக்குத் தோள்மூட்டு விலகியது. தள்ளாமல் வெறுமனே கோத்து நிற்கும் ஸ்க்ரம்மா, மாற்று ஆளா என்ற முடிவை நடுவர் அணியிடமே விட்டார். தள்ளாத ஸ்க்ரம்முக்கு ஒப்புக்கொண்டால் போட்டிப் புள்ளி கிடைக்காது. பெரியவர்களுக்கான ஆட்டத்தில் முன் வரிசையில் பழகியிராத ஃப்ளாங்கர் (ஸ்க்ரம்மின் பக்கவாட்டில் நிற்பவர்) ஒருவர் முன்வந்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் ஸ்க்ரம் சரியாகப் பொருந்தாமல் போக, லான்ஹாரனின் ஹூக்கர் கைகால் செயலிழந்தார். நடுவரே அந்த முடிவை எடுத்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். வேல்ஸ் ரக்பி சங்கமும் இழப்பீட்டுக்குப் பொறுப்பாயிற்று. மேல்முறையீடு 2003-இல் தள்ளுபடியானது.

பயிற்சி மைதானமும் விலக்கல்ல. 2005 மார்ச்சில் இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணிப் பயிற்சியில் ஸ்க்ரம் சரிந்து, ப்ராப் மாட் ஹாம்ப்சன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அங்கிருந்த நடுவர் டோனி ஸ்ப்ரெட்பரி அவசரகால மருத்துவ உதவியாளராகவும் பணியாற்றியவர். அவருடைய உடனடிச் செயல் உயிரைக் காத்தது. அடிபட்டு மீள்வோருக்காக ஹாம்ப்சன் பின்னர் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்.

பயிற்சியும் அளவீடும்

நியூசிலாந்து ரக்பி சங்கமும் அரசின் விபத்து இழப்பீட்டு நிறுவனமும் 2001-இல் 'ரக்பிஸ்மார்ட்' திட்டத்தைத் தொடங்கின. பயிற்சியாளர்களுக்கும் நடுவர்களுக்கும் பாதுகாப்புப் பாடம் கட்டாயமானது. முந்தைய போக்கின்படி 2001 முதல் 2005 வரை ஸ்க்ரம்மால் ஒன்பது முதுகுத்தண்டுக் காயங்கள் எதிர்பார்க்கப்பட்டன, நேர்ந்தது ஒன்றே. தென்னாப்பிரிக்காவில் 2009-இல் இதே நோக்கில் 'போக்ஸ்மார்ட்' திட்டம் வந்தது.

மோதும் விசையை அளந்தவர்கள் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். பயிற்சி எந்திரத்தில் சர்வதேச ஆண்கள் அணிகள் மோதியபோது உச்ச விசை சராசரியாக 16.5 கிலோநியூட்டன், அது ஏறத்தாழ 1.7 டன் எடைக்குச் சமம். மோதலுக்கு முன்பே ப்ராப்கள் எதிராளியின் சட்டையைப் பற்றிக்கொண்டால் இடைவெளி குறைந்து, விசை சுமார் 25 விழுக்காடு வரை தணிந்தது.

விதிகளின் இன்றைய நிலை

இளையோருக்கு 1991-இலேயே இருந்த படிமுறைப் பாதுகாப்பு 2007-இல்தான் எல்லா ஆட்டங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. 2013-இல் 'குனி, பற்று, இணை' என்ற மூன்று கட்டளைகள் வந்தன. 2022-இல் மோதலுக்கு முன் எதிராளியின் கழுத்திலோ தோளிலோ தலையை அழுத்தி வைப்பது தடைசெய்யப்பட்டது. 19 வயதுக்குட்பட்டோர் ஸ்க்ரம்மை 1.5 மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது.

முன் வரிசைக்குத் தகுதியானவர் எத்தனை பேர் வேண்டும் என்பதையும் விதி வகுத்துள்ளது. 15 பேர் கொண்ட அணியில் மூவர், 16 முதல் 18 வரை நால்வர், 19 முதல் 22 வரை ஐவர், 23 பேர் என்றால் அறுவர் முன் வரிசைக்குப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அத்தகைய மாற்று ஆள் கைவசம் இல்லையென்றால் நடுவர் தள்ளாத ஸ்க்ரம்முக்கு உத்தரவிடுவார். 1998-இல் லான்ஹாரன் அணியிடம் விடப்பட்ட தேர்வு இன்று எந்தக் கிளப்புக்கும் கிடையாது.