வக்கீல் மேயரும் பூண்டி ஏரியும்

நம்ம அம்பத்தூர் பக்கத்துப் புழல் ஏரிக்குப் பூண்டியிலிருந்து தண்ணீர் வருவது மாணவத் தம்பிகளுக்கும் தெரியும். அந்தப் பூண்டியை வாங்கித் தந்தவர் ஒரு வக்கீல்: தீரர் சத்தியமூர்த்தி.

1939-ல் சென்னை மேயர் ஆனார். பதவி ஒரே வருஷம். உலகப் போர் வேறு. இருந்தும் கொசஸ்தலையாற்றில் நீர்த்தேக்கம் கட்ட வெள்ளைக்கார அரசைச் சம்மதிக்க வைத்துவிட்டார். 1940 ஆகஸ்டில் கவர்னர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்டினார். அதே கவர்னர் காலத்தில், 1942-ல், 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சத்தியமூர்த்தி சிறைக்குப் போனார். உடம்பு கெட்டு, 1943 மார்ச் 28-ல் காலமானார்.

ஏரி திறந்தது 1944-ல். போர்க்காலத்தில் நாலே வருஷம்! இன்ஜினீயரான எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். 1996-ல் கிருஷ்ணா தண்ணீர் வந்து சேர்ந்ததும் இதே ஏரியில்தான். அரசு வைத்த பெயர் சத்தியமூர்த்தி சாகர்; நாம சொல்றது பூண்டி.