குல்மார்க்கில் ஒரு நாள்

பனி என்றால் ஓமந்தூர்க்காரர்களாகிய நமக்கு மார்கழிப் பனிதான். விடியற்காலையில் வைக்கோல் போரின் மேல் ஈரமாக இருக்கும். ஏழு மணி வெயிலுக்குப் போய்விடும். அதற்கே தலையில் துண்டைக் கட்டிக்கொள்வோம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான், 2014 மார்ச்சில் ஓய்வுபெற்ற நண்பர்கள் ஐந்து பேரோடு காஷ்மீரத்துக் குல்மார்க்குக்குப் போய்ப் பனிச்சறுக்கு விளையாடினேன் என்றால் சிரிப்பீர்கள். சிரிக்கலாம். ஆனால் அந்த ஒரு நாளில் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் அந்த இடத்தின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆசை பழையது. புதுச்சேரியில் மாமா வீட்டில் தங்கிப் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பாடப் புத்தகத்தில் பிள்ளைகள் பனியில் பொம்மை செய்துகொண்டிருப்பார்கள். எங்களுக்கு வகுப்பில் வேர்த்து ஊற்றும். 1968 பிப்ரவரியில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. ழான் குளோத் கில்லி என்ற பிரெஞ்சுக்காரர் பனிச்சறுக்கில் மூன்று தங்கம் வாங்கினார். பள்ளியில் அவர் பேச்சுதான். அதே ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஒரே ஒருவர் சறுக்கினார். பெயர் ஜெரமி புயகோவ்ஸ்கி. போலந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1964-ல் இன்ஸ்புரூக்கிலும் அவர் ஒருவரே. குளிர்கால ஒலிம்பிக்கில் நம் நாட்டின் கணக்கே அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. எங்கள் வகுப்பில் யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை.

இனி எங்கள் சாகசம். வாடகைக்குக் கொடுக்கும் காலணி மரக்கட்டை மாதிரி இருந்தது, கணுக்கால் மடங்காது. போஸ்ட்மாஸ்டர் ஏழாம் அளவு கேட்டார், ஒன்பதுதான் இருந்தது. இரண்டு ஜோடி காலுறை போட்டு நிரப்பிக்கொண்டார். சொல்லிக்கொடுக்க வந்த காஷ்மீரப் பையனுக்கு இருபது வயது இருக்கும். அவன் பேசிய இந்தி எங்களுக்குப் புரியவில்லை. சைகையால் அவன் முதலில் காட்டியது, எப்படி விழுவது என்பதை. பின்பக்கம் சாயாதே, பக்கவாட்டில் விழு என்றான். "விழவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார் தலைமையாசிரியர்.

ஐந்து நிமிடம் ஆகவில்லை. அவரே பயத்தில் பின்பக்கம் சாய்ந்தார். பலகை வேகம் பிடித்தது. அவர் என்மேல் மோத, நான் போஸ்ட்மாஸ்டர்மேல் விழ, எது யார் கால் என்று தெரியவில்லை. ஒரு பலகை கழன்று, தானாகவே சறுக்கி டீக்கடை வரைக்கும் போய் நின்றது. எங்கள் எல்லோரையும்விட அதுதான் ஒழுங்காகச் சறுக்கியது. இன்னொரு நண்பர், "வெயிலே இல்லையே" என்று கறுப்புக் கண்ணாடியை வேண்டாம் என்றுவிட்டார். புதுப்பனி, சூரியனின் புற ஊதாக் கதிரில் எண்பது சதவீதம்வரை திருப்பி அடிக்கும். ராத்திரி முழுக்கக் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் இருக்கிறதென்று அழுதார்.

இதுவரை சிரிப்பு. மதியம் கம்பிவட வண்டியில் ஏறினோம். பிரான்சின் பொமகால்ஸ்கி நிறுவனம் அமைத்த வண்டி அது. எனக்குக் கொஞ்சம் பெருமை. இரண்டு கட்டமாக அஃபர்வாத் மலையில் சுமார் 13,000 அடிக்குக் கொண்டுபோய் விட்டது. மேலே போனதும் மின்வாரிய நண்பர் தள்ளாடினார். "பஸ் எப்ப வரும்?" என்று கேட்டார். வேடிக்கை செய்கிறார் என்று சிரித்தோம். மறுபடியும் அதையே கேட்டார், வாந்தி எடுத்தார். வாயுத் தொந்தரவு என்று முடிவு கட்டி, இஞ்சி மிட்டாய் கொடுத்து உட்கார வைத்தோம். பக்கத்தில் நின்ற வெளிநாட்டு அம்மாள் ஒருவர் தன் கூட்டத்தாரிடம் பிரெஞ்சில் ஏதோ பதறினார். நான் அரைகுறையாய் அவர் மொழியில் கேட்டேன். "தெசாந்தே!" என்றார். இறங்குங்கள், உட்கார வைக்காதீர்கள், இப்போதே என்று அர்த்தம். இறக்கினோம். கீழே வந்து ஒரு மணி நேரத்தில் நண்பர் டீ கேட்டார். அந்த உயரத்தில், ஓமந்தூரில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான் கிடைக்கும். மூளைக்கு அது போதாமல் போனால் இப்படித்தான் பேச்சு குழறும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஊர் திரும்பியதும் படிக்க ஆரம்பித்தேன். குல்மார்க்கில் ஆங்கிலேய அதிகாரிகள் 1927-ல் பனிச்சறுக்குச் சங்கம் தொடங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பின், காஷ்மீரச் சண்டை நடந்த 1948-ல், ஜெனரல் திம்மையா அங்கே ராணுவத்துக்காக ஒரு பனிச்சறுக்குப் பள்ளி வைத்தார். நம் ஊர் ஓமந்தூரார் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த வருஷம் அது. 1962-ல் அது உயர்மலைப் போர்ப் பள்ளி ஆயிற்று. நாங்கள் விழுந்து புரண்ட அதே மலையில், கிலன்மார்க் என்ற இடத்தில், 2010 பிப்ரவரியில் பனிச்சரிவு வந்து பயிற்சியில் இருந்த 17 வீரர்கள் இறந்தார்கள்.

ராணுவத்தில் மலை ஏறக் கணக்கு உண்டு. 9,000 அடியிலிருந்து 12,000 வரை ஆறு நாள் தங்கி உடம்பைப் பழக்க வேண்டும். 15,000 வரை இன்னும் நான்கு நாள். அதற்கும் மேலே என்றால் மேலும் நான்கு நாள். இருபது வயதுப் பிள்ளைகளுக்குப் பத்து நாள் என்று வைத்திருக்கும் உயரத்துக்கு, அறுபதைத் தாண்டிய நாங்கள் டிக்கெட் வாங்கி ஒரே மதியத்தில் போனோம்.

இரண்டு வருஷம் கழித்து, 2016 பிப்ரவரி 3 அன்று, சியாச்சினில் 19,600 அடி உயரத்து சோனம் சாவடியைப் பனிச்சரிவு மூடியது. அங்கே இருந்தவர்கள் மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-வது படைப்பிரிவைச் சேர்ந்த பத்துப் பேர். நான்கு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். கர்நாடகத்து லான்ஸ் நாயக் அனுமந்தப்பாவை மட்டும் ஆறாம் நாள் உயிரோடு தோண்டி எடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று டில்லி மருத்துவமனையில் அவரும் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மின்வாரிய நண்பர் போன் செய்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. "எனக்கு முடியலைன்னதும் நீங்கல்லாம் கீழே இறக்கிட்டீங்க. அவங்க இறங்க முடியாதேப்பா" என்றார். நம்மைப் போல மார்கழிப் பனிக்குத் துண்டு கட்டிய ஊர்ப் பிள்ளைகள் அவர்கள்.

கேதார்நாத், அமர்நாத், கயிலாயம் என்று போகும் நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மெதுவாக ஏறுங்கள், நடுவில் தங்குங்கள். கூட வந்தவர் மலைமேல் தள்ளாடினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ சிரிக்காதீர்கள். இஞ்சி மிட்டாயும் வேண்டாம். உடனே கீழே இறக்குங்கள்.