காரைக் காட்டாத விளம்பரங்கள்

பழைய அமெரிக்கச் சொகுசுக் கார்கள்மீது இன்று உலகெங்கும் காணப்படும் மோகத்தைச் சற்று ஆராய்ந்து பார்த்தால், அதில் பெரும்பகுதி அவ்வண்டிகளால் விளைந்ததன்று, அவற்றுக்காக எழுதியும் வரைந்தும் பத்திரிகைகளில் வெளியிடப்பட்ட விளம்பரங்களால் விளைந்தது என்பது புலப்படும். டியூசன்பெர்க் கம்பெனியின் பிரசித்தி பெற்ற ‘ஜே’ மாடல் வண்டிகள் மொத்தத்தில் ஐந்நூறுக்கும் குறைவாகவே செய்யப்பட்டன. அவற்றில் ஒன்றில் ஏறி ஒரு மைல் தூரமாவது சென்றவர் எத்தனை பேர் இருக்கக்கூடும்? ஆனால், ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ போன்ற பத்திரிகைகளிலிருந்து கத்தரித்தெடுத்து, கண்ணாடிச் சட்டமிட்டு விற்கப்படும் விளம்பரத் தாள்களைக் கண்டு பெருமூச்சு விட்டவர்களுக்கோ கணக்கே இல்லை.

இந்தக் கலையின் பிதாமகர் என்று தியடோர் மக்மானஸ் என்பவரைச் சொல்லலாம். அவர் எழுதிக் கொடுத்தது காடிலாக் கம்பெனிக்கு. அக்கம்பெனியை 1902-ஆம் ஆண்டு டெட்ராய்ட் நகரில் நிறுவிய ஹென்றி லேலண்ட், துப்பாக்கித் தொழிற்சாலையிலும் இயந்திரக் கருவிப் பட்டறையிலும் பழகிய கைகளையுடையவர். நுணுக்கமே தெய்வமென்று நம்பியவர். 1908-இல் அவருடைய வண்டிகள் மூன்றை இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் மைதானத்தில் கழற்றிப் போட்டு, பாகங்களை ஒன்றோடொன்று கலந்து, பிறகு அந்தக் குவியலிலிருந்தே மீண்டும் மூன்று வண்டிகளாகப் பூட்டி, ஐந்நூறு மைல் ஓட்டிக் காட்டினார்கள். ஒரு பாகத்தையும் அரம் கொண்டு ராவிச் சரிசெய்ய வேண்டியிருக்கவில்லை. கைத்தொழிலாளர் ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியே இழைத்துப் பொருத்திய அந்நாளில் இது பெரிய அதிசயம். அதற்காக அவ்வண்டிக்கு டூவர் பரிசும் கிடைத்தது. கைப்பிடியைச் சுழற்றி என்ஜினைக் கிளப்பும் கஷ்டத்தைப் போக்கிய மின்சார ஸ்டார்ட்டரை, 1912-ஆம் ஆண்டு மாடலில் முதன்முதலாகப் பொருத்தி விற்றதும் இக்கம்பெனியே. ஆகவே, வண்டியைப் பற்றி உண்மையாகவே பெருமை பேச வேண்டிய விஷயம் காடிலாக்குக்கு ஏராளமாக இருந்தது என்பதை வாசகர் மறக்கலாகாது.

அப்படியிருந்தும் நடந்தது வேறு. 1914-ஆம் ஆண்டின் இறுதியில் எட்டு சிலிண்டர்களைக் கொண்ட புதிய என்ஜினை அவர்கள் கொண்டுவந்தபோது, தொடக்கத்தில் வெளிவந்த வண்டிகளில் மின்சாரக் கோளாறுகள் தோன்றின. போட்டிக் கம்பெனியான பாக்கர்ட் இதைச் சொல்லிக் கேலி செய்யலாயிற்று. குறையை மறுத்தோ, என்ஜினின் குணத்தை விளக்கியோ பதில் எழுதுவதுதான் எவருக்கும் தோன்றக்கூடிய வழி. மக்மானஸ் அவ்விரண்டையும் செய்யவில்லை. 1915 ஜனவரி 2-ஆம் தேதி ‘போஸ்ட்’ பத்திரிகையில், எந்தத் துறையிலும் முதலிடத்தில் நிற்பவன் பொறாமைக்கும் அவதூறுக்கும் இலக்காவது தவிர்க்க முடியாதது என்ற கருத்தை விரித்து, ஒரு பக்க அளவில், படம் ஏதுமின்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. கட்டுரையினுள் காரின் பெயரில்லை, சக்கரம் என்ற சொல்லில்லை, விலையில்லை. ஒரே ஒரு முறைதான் அது பிரசுரமாயிற்று. எனினும் அதன் பிரதியைக் கேட்டு ஆண்டுக்கணக்காகக் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. கோளாறு என்ன, அது சரிசெய்யப்பட்டதா என்று கேட்கவேண்டிய ஜனங்கள், மேதைகளுக்கு நேரும் கதியை எண்ணி உருகிப்போனார்கள் என்றால், அந்த யுக்தியின் சாமர்த்தியத்தை என்னென்பது!

கேலி செய்த பாக்கர்டும் இவ்வகையில் சளைத்ததன்று. தம் வண்டியைப் பற்றித் தாமே பேசாமல், அதை வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள் என்னும் ஒரே வாக்கியத்தைப் பல்லாண்டுகள் விடாமல் அச்சிட்டு, சொந்தக்காரனையே சாட்சியாக்கிய புத்திசாலித்தனம் அவர்களுடையது. சற்றே பிற்காலத்தில் கிளீவ்லண்டைச் சேர்ந்த நெட் ஜார்டன் இதை இன்னும் ஒருபடி மேலே கொண்டுபோனார். அவருடைய ‘பிளேபாய்’ வண்டி மற்றக் கம்பெனிகளிடம் வாங்கிய பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது. பொறியியல் விசேஷம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் 1923-இல் அவர் வெளியிட்ட விளம்பரம், வயோமிங் சமவெளியில் லாரமி என்னும் ஊருக்கு மேற்கே குதிரையேறிப் பாயும் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசிற்று. வண்டி அவளுக்கென்று பிறந்ததாம். குதிரைத்திறன் எத்தனை என்று அதில் தேடினால் கிடைக்காது. விளம்பரத் தொழில் பயில்வோர் இன்றும் அதை எடுத்து வைத்துப் படிக்கிறார்கள். ஜார்டன் கம்பெனியோ 1931-க்குப் பிறகு இல்லை.

பபலோ நகரத்துப் பியர்ஸ்-ஆரோ கம்பெனி சொல்லையும் குறைத்துக்கொண்டு, தேர்ந்த ஓவியர்களை அமர்த்தி, மாளிகை வாயிலையும் மழைக்கால வீதியையும் வரையச் செய்து, வண்டியைப் படத்தின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தது. 1913 முதல் அவ்வண்டியின் முன்விளக்குகள் மட்கார்டுகளின்மேல் முளைத்தாற்போல் பொருந்தி, தவளைக் கண்களைப் போலப் பிதுங்கி நின்றமையால், எவ்வளவு சிறிய பகுதி தெரிந்தாலும் இன்ன வண்டி என்று அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது.

ஆயினும் இம்முறையின் உச்சியைத் தொட்டது டியூசன்பெர்க்தான். 500 டாலருக்கும் குறைந்த விலையில் ஃபோர்டு கார் கிடைத்த காலத்தில், மேற்கூடு இல்லாத வெறும் அடிச்சட்டத்துக்கே 8,500 டாலர் கேட்ட கம்பெனி அது. இந்தூர் மகாராஜா ஹோல்கர் போன்றோர் அதன் வாடிக்கைக்காரர். 1930-களில், நாட்டில் ரொட்டிக்காக ஜனங்கள் வரிசையில் நின்ற காலத்தில், அதன் விளம்பரங்கள் வெளிவந்தன. ஒரு தாளில் உல்லாசப் படகின் சுக்கானைப் பற்றி நிற்கும் கனவான். மற்றொன்றில் விசாலமான தன் மாளிகைக் கூடத்தில் தனித்திருக்கும் சீமான். இன்னொன்றில் பரந்த பூந்தோட்டத்தில் தோட்டக்காரனோடு பேசும் சீமாட்டி. கீழே, இவர் ஓட்டுவது டியூசன்பெர்க் என்று ஒரே வரி. கார் எங்கே என்றால், எங்கும் இல்லை. என் அபிப்பிராயத்தில் இதைவிடத் திமிரான விளம்பரம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. இதைவிட அழகானதும் வந்ததில்லை என்றே சொல்லவேண்டும்.

யுத்தத்துக்குப் பிறகு நிலைமை தலைகீழாயிற்று. ஹாலிவுட்டில் நடிகர்களுக்கு வண்டிக்கூடு கட்டிய குடும்பத்தில் பிறந்த ஹார்லி எர்ல், பி-38 என்ற போர்விமானத்தின் வாலைக் கண்டு மனம் பறிகொடுத்ததன் பயனாக 1948-ஆம் ஆண்டு காடிலாக்கின் பின்புறத்தில் சிறு துடுப்புகள் முளைத்தன; 1959-க்குள் அவை ஆகாயத்தைக் குத்தும் அளவுக்கு ஓங்கிவிட்டன. இப்போது வண்டியே விளம்பரமாகிவிட்டது. 1957-ஆம் ஆண்டின் எல்டொராடோ புரோம், 13,074 டாலர் விலையில், எஃகுத் தகட்டுக் கூரையும், காந்தத்தால் ஒட்டி நிற்கும் மதுக்கிண்ணங்களும், உதட்டுச்சாயமும், ஆர்பேஜ் வாசனைத் தைலக் குப்பியும் கொண்டு புறப்பட்டது. பத்திரிகைப் பக்கங்களிலோ, காடிலாக்கின் சின்னத்தைப் பெயர்பெற்ற நகைக்கடைக்காரர்கள் வைரத்தாலும் மரகதத்தாலும் இழைத்துக் காட்டினார்கள். காடிலாக்கைப் போலவே ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த பான்டியாக் கார்களுக்குப் படம் வரைந்த ஃபிட்ஸ்பாட்ரிக், காஃப்மன் இருவரும் வண்டியை உள்ளதைவிட அகலமாகத் தீட்டுவதில் கைதேர்ந்தவர்கள். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு மியூசியத்துக்குச் சென்று உண்மை வண்டியைக் காண்கிறவர்கள் சிறிது ஏமாற்றமடைவதில் வியப்பில்லை.

இப்படங்களில் தென்படாதவர்களைப் பற்றியும் ஒரு சொல் கூறியாகவேண்டும். யுத்தத்துக்கு முன், 1930-களின் பொருளாதார மந்தத்தால் காடிலாக் பிரிவையே மூடிவிடலாமா என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகிகள் யோசித்த சமயத்தில், சர்வீஸ் பகுதியின் தலைவராயிருந்த நிக்கலஸ் டிரைஸ்டாட் அவர்களுடைய கூட்டத்துக்குள் புகுந்து, தமக்குப் பத்து நிமிஷம் தரும்படி கேட்டதாகப் பீட்டர் டிரக்கர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கறுப்பினத்தவருக்குக் காடிலாக் விற்பதில்லை என்பது அன்றைய கம்பெனியின் கொள்கை. ஆனால் கறுப்பின மருத்துவர்களும் குத்துச்சண்டை வீரர்களும் பாடகர்களும், வெள்ளையர் ஒருவருக்குப் பல நூறு டாலர் கூலி கொடுத்து அவர் பெயரில் வாங்கவைத்து, அதே வண்டிகளைப் பழுதுபார்க்கத் தம்மிடம் கொண்டுவருவதை டிரைஸ்டாட் நாள்தோறும் கண்டிருந்தார். வீடு வாங்கவும் ஹோட்டலில் தங்கவும் இடம் கொடாத சமூகத்தில், கைக்கெட்டிய கௌரவச் சின்னம் அவர்களுக்கு அந்தக் கார் ஒன்றே. அவர் சொன்னதை நிர்வாகிகள் ஏற்றார்கள், விற்பனை உயர்ந்தது, பிரிவு பிழைத்தது. ஆயினும் அக்காலத்துப் பெரும் பத்திரிகைகளின் விளம்பரத் தாள்களில், வண்டிக்குச் சொந்தக்காரராக ஒரு கறுப்பு முகத்தை எங்கே தேடினாலும் காணமுடியாது.

டியூசன்பெர்க் 1937-இலும், பியர்ஸ்-ஆரோ 1938-இலும், பாக்கர்ட் 1958-இலும் மறைந்தன. இங்கே பெயர் சொன்ன சொகுசுக் கார்க் கம்பெனிகளுள் இன்றும் கார் செய்து விற்றுக்கொண்டிருப்பது காடிலாக் ஒன்றுதான்.