பருத்த எழுத்தின் வரலாறு

எழுத்தின் அழகு நுண்மையிலேதான் உள்ளது, பாமரர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது தாழ்ந்தது என்று கூறுவோர் எந்நாட்டிலும் உளர். இக்கூற்று எத்துணைப் பொருளற்றது என்பதை அமெரிக்காவில் தோன்றிய ‘கூப்பர் பிளாக்’ என்னும் அச்செழுத்தின் வரலாறு நன்கு விளக்கும்.

இவ்வெழுத்தை வரைந்தவர் ஆஸ்வால்டு கூப்பர். 1879-ஆம் ஆண்டு ஒஹாயோ மாகாணத்துச் சிற்றூரொன்றிற் பிறந்த இவர், ஓவியம் பயில விரும்பிச் சிக்காகோ நகரம் சென்றார். ஆங்கே பிரெடரிக் கௌடி என்னும் ஆசிரியரிடம் எழுத்து வரையும் கலையைக் கற்றார். 1904-இல் பெர்ட்ஷ் என்பாருடன் கூட்டுச் சேர்ந்து, வணிகர்களுக்கு விளம்பரம் ஆக்கித் தரும் தொழிலைத் தொடங்கினார். விரைந்து செல்வோனின் கண்ணை நிறுத்தவல்லது எது என்பதே அத்தொழிலின் முதற் பாடமாகும்.

1922-இல் பார்ன்ஹார்ட் சகோதரர்-ஸ்பிண்ட்லர் என்னும் எழுத்து வார்ப்பு நிலையத்தார் அவருடைய பருத்த எழுத்தை வெளியிட்டனர். அதன் கோடுகள் தடித்தவை, உள்ளிடம் குறுகியது, கூரிய முனையோ மருந்துக்கும் இல்லை. அடிப்பாகமும் உருண்டிருத்தலால், அவ்வெழுத்துக்கள் வரியில் நிற்பன போலன்றித் தத்தி விளையாடுவன போலத் தோன்றும்.

பழமையிற் பற்றுடையோர் முகஞ்சுளித்தனர்; ‘கறுப்பு ஆபத்து’ என்றும் பழித்தனர். கூப்பரோ, தொலைநோக்குடைய அச்சகத்தாருக்கும், கிட்டப்பார்வையுடைய அவர்தம் வாடிக்கைக்காரருக்கும் ஏற்றது இதுவென்று நகைச்சுவையாகக் கூறினார். நகைப்பினும் ஓர் உண்மை பொதிந்துள்ளது. கண் மங்கியவனும் வாசகனே. அவனையும் எண்ணி எழுத்தமைப்பது இழிவாகுமோ?

தீர்ப்பளித்தவர் பொதுமக்களே. எழுத்துப் பெருவாரியாக விலைபோயிற்று. போட்டிக்கு நின்ற மானோடைப் நிறுவனத்தாரின் வேண்டுகோளின்படி, ஆசிரியராகிய கௌடியே 1925-இல் அதுபோன்ற பருத்த எழுத்தொன்றை வரைய நேர்ந்தது. மாணாக்கன் சென்ற வழியில் ஆசான் நடந்த விந்தை இது!

கூப்பர் 1940-இல் மறைந்தார். அவரது எழுத்து மறையவில்லை. ஈய அச்சுக் காலம் கழிந்து, ஒளிப்பட முறை வந்தபோதும் அது நிலைத்தது. 1966-இல் பீச் பாய்ஸ் குழுவினரின் ‘பெட் சவுண்ட்ஸ்’ இசைத்தட்டு உறையிலும், 1968-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் ‘டாட்ஸ் ஆர்மி’ நகைச்சுவைத் தொடரின் தலைப்பிலும் இடம்பெற்றது. 1970-களில் இளைஞர் அணிந்த பனியன்களில் ஏறியது. 1995-இல் தொடங்கிய ஈஸிஜெட் விமானங்களிலோ வானத்திலும் பறந்தது!

எனினும், எப்பொருட்கும் எல்லை உண்டு. நெடுங்கட்டுரை முழுவதையும் இவ்வெழுத்தில் அச்சிட்டால் கண் களைக்கும். தலைப்பும் பெயர்ப்பலகையும் சுவரொட்டியுமே இதற்குரிய இடங்கள். பருத்த எழுத்தில் அச்சானதனாலேயே பொய் மெய்யாகிவிடாது என்பதையும் வாசகர் மறத்தலாகாது. எழுத்தின் பயன் படிக்கப்படுதலே. எளியோர் எளிதிற் படிக்கும் எழுத்தை இகழ்பவர், எளியோர் படிப்பதையே இகழ்பவராவர்.