மண்வெட்டி ஏந்திய விருந்தினர்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு மறுநாள். சென்னையில் சாந்தோமுக்குத் தெற்கே, அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டி அமைந்துள்ள பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக் குடிசைகளுக்குள் அன்று காலை கடல் புகுந்தது. தமிழ்நாட்டுக் கடற்கரை முழுவதிலுமாக ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அதனைத் தொடர்ந்த மாதங்களில், கல்லூரி விடுமுறையையோ அலுவலக விடுப்பையோ இதற்கெனச் செலவிட்டுப் பிற நாட்டினர் பலர் நம் கடற்கரைக்கு வந்தனர். ஊதியம் பெறாமல், தம் கைப்பணத்தில் பயணம் செய்து, சேறு அள்ளவும் சுவர் எழுப்பவும் அவர்கள் முன்வந்தனர். விடுமுறையை இவ்வாறு அயல்நாட்டில் உடலுழைப்பில் கழிக்கும் வழக்கம் எங்கே தோன்றியது? அது நம் நாட்டுக்கு முதன்முதலில் எவ்வாறு வந்தது? இவற்றை ஆராய்வது பயனற்ற முயற்சியாகாது.

இவ்வரலாறு ஒரு போர்க்களத்தில் தொடங்குகிறது. முதல் உலகப் போர் முடிந்தபின், 1919ஆம் ஆண்டு நெதர்லாந்தில் பில்தோவன் என்னும் ஊரில் பல நாட்டுக் கிறிஸ்தவ சமாதானவாதிகள் கூடினர். பகை நாடுகளாயிருந்தவற்றின் மக்கள் ஒப்புரவாவது எங்ஙனம் என்பதே அங்கு எழுந்த வினா. கூடியிருந்தோருள் ஒருவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் பியேர் செரெசோல் (1879–1945). அவர்தம் தந்தையார் அந்நாட்டின் அதிபராக விளங்கியவர். மகனோ இராணுவ வரி செலுத்த மறுத்துச் சிறை சென்றவர். தீர்மானங்களும் அறிக்கைகளும் போதும், இனி கையால் செய்யத்தக்க ஒன்று வேண்டும் என்பது அவர் கருத்து. 1920ஆம் ஆண்டின் இறுதியில், வெர்தூன் போர்க்களத்துக்கு அருகே முற்றிலும் அழிந்துபோன எஸ்ன் என்னும் பிரெஞ்சுக் கிராமத்திற்குச் சிலரை அழைத்துச் சென்றார். அவர்களுள் ஜெர்மானியரும் இருந்தனர். ஜெர்மானியர் இடித்ததை ஜெர்மானியர் கட்டித் தருவது! இதைவிடச் சிறந்த ஒப்புரவுச் செயல் உண்டோ என்று நாம் எண்ணுவோம்.

எஸ்ன் அவ்வாறு எண்ணவில்லை. சில மாதங்கள் சென்றதும், ஜெர்மானியர் அங்குத் தங்கி வேலை செய்வது விரும்பத்தக்கதன்று என்பது உள்ளூரில் தெளிவாக உணர்த்தப்பட்டது. அவர்களைத் தனியே அனுப்பிவிட்டுப் பிறர் மட்டும் தங்க ஒருப்படவில்லை. 1921ஆம் ஆண்டு வசந்த காலத்தில் பணி கைவிடப்பட்டது. இவ்வியக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்நிகழ்ச்சியைப் பெரும்பாலும் ஒரு தொடக்கமாகவே பாராட்டிக் கடந்து விடுகின்றனர். எஸ்ன் மக்களைக் குறுகிய மனத்தினர் எனல் எளிது. ஆயினும் மகனையும் வீட்டையும் இழந்தவனுக்கு, யார் வந்து தன் வீட்டைக் கட்டலாம் எனச் சொல்லும் உரிமையேனும் மிஞ்ச வேண்டாமா? உதவி பெறுவோன் 'வேண்டாம்' எனக் கூறக்கூடும் என்னும் பாடத்தை இவ்வியக்கம் தன் முதல் முகாமிலேயே கற்க நேர்ந்தது.

அதன்பின் அவர்கள் அழைப்புள்ள இடங்களை நாடினர். 1924இல் சுவிட்சர்லாந்திலேயே பனிச்சரிவுக்கு ஆளான ஒரு மலைப்பகுதியில் பணி செய்தனர். 1927ஆம் ஆண்டு ரைன் நதி கரை உடைத்து, லீக்டன்ஸ்டைன் என்னும் சிறு நாட்டின் விளைநிலங்களைச் சரளையாலும் வண்டலாலும் மூடியபோது, மறு ஆண்டு பல நாடுகளிலிருந்து ஏறத்தாழ 700 பேர் அங்குச் சென்று மண் வெட்டினர். மாணவரும் தொழிலாளரும் ஆசிரியரும் தத்தம் விடுமுறை நாட்களில் வந்து, சில வாரங்கள் உழைத்து, அடுத்தவரிடம் மண்வெட்டியைக் கொடுத்துச் சென்றனர். விடுமுறைத் தொண்டு என இன்று நாம் அறிவது இங்கேதான் உருப்பெற்றது எனலாம். இவ்வமைப்பே சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என உலகெங்கும் அறியப்படலாயிற்று.

1934ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் பூகம்பம் ஏற்பட்டுப் பல்லாயிரவர் மடிந்தனர். அவ்வேளை காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணமாகத் தென்னிந்தியாவில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசுகையில், இப்பூகம்பம் தீண்டாமைப் பாவத்திற்கான தெய்வ தண்டனை என்றார். தாகூர் இதனை வன்மையாக மறுத்தார். இயற்கையின் நிகழ்ச்சியை அறநெறியோடு பிணைப்பது பகுத்தறிவுக்கு ஒவ்வாது என்பது அவர் வாதம். இறையியல் மாணவர் இவ்விவாதத்தை இன்றும் படிக்க வேண்டும். 2004க்குப் பின் நம் பிரசங்க பீடங்கள் சிலவற்றிலிருந்து வந்த விளக்கங்களைக் கேட்டோர்க்கு அது பழங்கதையாகத் தோன்றாது.

செரெசோல் 1931இலேயே, லோசான் நகருக்கு வந்த காந்தியடிகளை அறிந்திருந்தார். 1934இல் இந்தியா வந்து நிலைமையை நேரில் கண்டு சென்று, அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் வந்தார். உடன் வந்தோர் மிகச் சிலரே: ஜோ வில்கின்சன் என்னும் ஆங்கிலேயர், பின்னர் பால் ஷெங்கர், ஃபிரேசர் ஹாய்லண்ட் முதலியோர். கப்பற்பயணமே பல வாரங்கள் பிடிக்கும் அக்காலத்தில், பீகார்ப் பணியைக் கோடை விடுமுறைக்குள் அடக்க இயலாது. அவர்கள் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் தங்கினர். பணி 1937 வரை நீடித்தது.

பணி யாது? பூகம்பத்தால் நிலமட்டம் மாறி, வெள்ளம் வடியாமற்போன கிராமங்களை மேட்டு நிலத்துக்கு மாற்றிக் கட்டுவது. முசாபர்பூர்ப் பகுதியில் இவ்வாறு எழுந்த புது ஊருக்குச் சாந்திபூர் எனப் பெயரிட்டனர். நிவாரணத்திற்கு இந்தியர் தரப்பில் தலைமை தாங்கியவர், பூகம்பத்தை அடுத்துச் சிறையினின்று விடுவிக்கப்பட்ட இராஜேந்திர பிரசாத். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஓர் ஆங்கிலேயர், பீகார்ச் சேற்றில் கூலியாட்களோடு நின்று மண் சுமந்தார். 1934இல் அது சாதாரணக் காட்சியன்று.

எனினும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. உழைக்கும் கைகளுக்குப் பஞ்சமில்லாத நாட்டிற்கு மண் சுமக்க ஐரோப்பாவிலிருந்து ஆள் வரவேண்டுமா? கப்பற் கட்டணத்தைக் கூலியாகக் கொடுத்திருப்பின் எத்தனை குடும்பங்கள் பிழைத்திருக்கும்! கணக்களவில் இதற்கு விடையில்லை. கூலிவேலையை இழிவெனக் கருதும் சமுதாயத்தில் படித்தவன் மண்வெட்டி தொடுவதற்கு ஒரு பொருள் உண்டு என்றுதான் கூறமுடியும். அப்பொருள் விளங்க வேண்டுமாயின், தொடுகிறவன் சில காலம் தங்கவும் வேண்டும்.

அவ்வியக்கம் 1950இல் மீண்டும் இந்தியா வந்தது. உலகத் திருச்சபைகளின் மன்றமும் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் தன் இளைஞர் பணி முகாம்களைத் தொடங்கியது. 1969இல் உருவான நாட்டு நலப்பணித் திட்டம் விடுமுறை முகாமை நம் கல்லூரிகளின் வழக்கமாக்கியது. இலங்கையில் சர்வோதய இயக்கத்தார் அதனைச் சிரமதானம் என்றழைத்தனர்.

சுனாமிக்கு வருவோம். நன்மனத்துக்கு அப்போது குறைவில்லை; ஆனால் பழந்துணிகள் சாலையோரங்களில் குவிந்து மட்கின. சில பகுதிகளில் மீனவர் இழந்த படகுகளைக் காட்டிலும் மிகுதியான ஃபைபர் படகுகள் வழங்கப்பட்டன. வெயிலில் கொதிக்கும் தார்த்தகட்டுக் கொட்டகைகளில் குடும்பங்கள் மாதக்கணக்கில் வாடின. நாகப்பட்டினத்தில் சிநேகா நிறுவனமும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் இணைந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை நடத்தின. எந்தக் கிராமத்துக்கு எது தேவை, எது தேவையில்லை என்று அங்கே கேட்டறிந்த பின் சென்றவர்களின் உழைப்பு வீணாகவில்லை. கடற்கரைக்குச் சென்று நம் திருச்சபை இளைஞர் பலரும் கையில் பொட்டலங்களோடு யாரைக் கேட்பது என அறியாது நின்றதை நினைவுகூர்தல் நலம். அயல்நாட்டாரை மட்டும் குறைகூற நமக்குத் தகுதியில்லை.

பட்டினப்பாக்கத்தில் உதவியாளர் எவரும் தீர்மானிக்க இயலாத வினா ஒன்று இருந்தது. சீனிவாசபுரத்துக் குடும்பங்கள் பலவற்றிற்கு அரசு செம்மஞ்சேரியில் வீடு கொடுத்தது. அது 20 கி.மீ.க்கும் அப்பால், கடலை விட்டு உள்ளே இருக்கிறது. விடியுமுன் படகிறங்க வேண்டியவனும், கரைக்கு வந்த மீனை ஏலத்தில் எடுத்துத் தெருவில் விற்கவேண்டிய பெண்ணும் அங்கிருந்து வந்து போவது எப்படி? வீட்டு வேலைக்குச் செல்வோரும் தம் வேலையை இழந்தனர். சாந்திபூரும் இடம் மாறிய ஊர்தான். ஆனால் அது வெள்ளத்துக்குத் தப்பி மேடேறிய ஊர்; உழவனை அவன் வயலினின்று பிரிக்கும் எண்ணத்தில் எழுந்ததன்று.

செம்மஞ்சேரி சென்றவருள் சிலர் அங்கேயே வேரூன்றினர். சிலர் வீட்டைப் பூட்டிவிட்டோ பிறருக்கு விட்டுவிட்டோ முகத்துவாரத்துக்கே திரும்பினர். அடுத்து வந்த ஆண்டுகளில் பட்டினப்பாக்கத்துக் கரையைக் கடல் சிறிது சிறிதாக அரித்து, கரையோர வீடுகள் பலவற்றைக் கொண்டுபோயிற்று. அதற்கு மண்வெட்டியோடு வந்தவர் எவருமில்லை.