வளருஞ் சிகையும் வாளும்

சீனத்தை வென்ற மஞ்சு அரசர், ஆடவர் யாவரும் முன்தலையை மழித்துப் பின்னே சடை தரித்தல் வேண்டுமென 1645 ஆம் ஆண்டிலே கட்டளையிட்டனர், மறுத்தோர் தலையிழந்தனர். 1851 இற் கிளர்ந்தெழுந்த தைப்பிங் இயக்கத்தினரோ முடி முழுவதையும் வளர்த்தனர். தம் ஆட்சிக்குட்பட்டோரையும் அவ்வாறே பணித்தனர்.

முன்தலையிற் குறுக முளைத்த மயிரே பேரிடர் விளைத்தது. அதனோடு தப்பியோடும் உழவனை அரசப்படை கிளர்ச்சியாளனெனக் கருதும். மழித்துவிட்டாலோ தைப்பிங் படை துரோகியெனக் கருதும். மாதக்கணக்கில் நீடித்த இவ்விடைநிலை, வலிந்து சேர்க்கப்பட்டோரையும் கிளர்ச்சியோடு பிணித்தது.

1864 இல் அவர்தம் தலைநகராகிய நான்கிங் வீழ்ந்தது. மஞ்சு ஆட்சியும் 1912 இல் முடிவெய்தியது. அரைகுறையாய் வளர்ந்த அம்மயிர், ஒருவன் எத்துணை நாள் எவர் ஆட்சியில் வாழ்ந்தான் என்பதையே காட்டிற்று. அவன் உள்ளத்தைக் காட்டிற்றன்று. ஆயினும் அதுகொண்டே அவன் உயிர் தீர்மானிக்கப்பட்டது.