காணாத தசைக்கு இரண்டு வாத்தியார்கள்

1854-ஆம் ஆண்டு, பாரிஸ். மானுவேல் கார்சியா என்ற ஸ்பானியப் பாட்டு வாத்தியார், நீண்ட கைப்பிடியுள்ள பல் வைத்தியர் கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கைக்கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மேல் திருப்பி, தம் குரல் நாண்கள் அசைவதைத் தாமே பார்த்தார். அதுவரை பல ஆண்டுகளாக அவர் கற்பித்து வந்தது, தாம் பார்த்தேயிராத ஓர் உறுப்பை.

1948-ஆம் ஆண்டு, அமெரிக்கா. ஆர்னால்டு கெகல் என்ற மகளிர் மருத்துவர், பிரசவத்துக்குப் பின் தளர்ந்துபோகும் இடுப்புத் தளத் தசைகளைப் பயிற்சியால் மீட்கலாம் என்று எழுதினார். பெண்ணின் உடலுக்குள் வைக்கும் ரப்பர் அறை ஒன்றை அழுத்தமானியோடு இணைத்த ‘பெரினியோமீட்டர்’ அவருடைய கருவி. தசை இறுகினால் முள் நகரும். தான் இறுக்குவது சரிதானா என்பதை அந்தப் பெண் முதன்முறையாகக் கண்ணால் பார்த்தாள்.

வாத்தியார் செய்த கண்ணாடி உபாயம் தொண்டை மருத்துவர்களின் கைக்குப் போனது. மருத்துவர் சொன்ன பயிற்சியோ இன்று வாத்தியார்களின் கைக்கு வந்திருக்கிறது. இடுப்புத் தளப் பயிற்றுநராகச் சான்றிதழ் பெற விரும்புகிறவர்களில் பலர் யோகா, பிலாட்டிஸ், ஜிம் வழியாக வருகிறார்கள். அவர்கள் தங்கள் தொழிலுக்கு முன்மாதிரியாகப் பார்க்க வேண்டியது பாட்டு வகுப்பை என்று நினைக்கிறேன். ஜிம்மில் புஜம் கண்ணாடியில் தெரியும். தொண்டை, இடுப்புத் தளம் என்ற இந்த இரண்டு இடங்களில் மட்டும் வாத்தியாருக்கும் தெரியாது, மாணவிக்கும் தெரியாது.

தெரியாததைச் சொல்லால்தான் காட்ட வேண்டும். ‘நாபியிலிருந்து குரல் கொடு’ என்கிறார் பாட்டு வாத்தியார். நாபியில் குரல் பிறப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அப்படிச் சொன்னதும் மாணவியின் தொண்டை இளகுகிறது. ‘லிஃப்ட் மாடி மாடியாக ஏறுவதுபோல் உள்ளே மேலே இழுங்கள்’ என்கிறார் பயிற்றுநர். அங்கே லிஃப்டும் இல்லை, மாடியும் இல்லை. ஆனால் வெறுமனே இறுக்குவது உள்நோக்கி உயர்த்துவதாக மாறுகிறது. ஒருத்திக்குப் பலிக்கும் சொல் இன்னொருத்திக்குப் பலிக்காது. ‘சிறுநீரை அடக்குவதுபோல்’ என்றால் சிலருக்கு விளங்கும். ‘வாயு பிரியாமல் அடக்குவதுபோல்’ என்றால்தான் சிலருக்கு விளங்கும். (முதல் சொல் தசையை அடையாளம் காண மட்டுமே. சிறுநீர் கழிக்கும்போதே பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாது.) ஐந்தாறு சொற்களைக் கைவசம் வைத்துக்கொண்டு ஆளைப் பார்த்து எடுத்துத் தருவதில் இரு வாத்தியார்களும் ஒரே சாதி.

பார்வையிலும் அப்படித்தான். மேல் ஷட்ஜத்தை எட்டும்போது மாணவியின் கழுத்து நரம்பு புடைக்கிறது, தோள் உயர்கிறது, தாடை இறுகுகிறது. சுருதிப் பெட்டியை நிறுத்தாமலே வாத்தியார் கையை அசைத்து, ‘விடு, விடு’ என்கிறார். இங்கே பாயில் முழங்கால் மடக்கிப் படுத்திருக்கும் பெண்ணிடம் ‘மேலே இழுங்கள்’ என்றதும் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள், பிட்டம் பாயிலிருந்து லேசாக எழுகிறது, தொடைகள் ஒட்டுகின்றன, புருவமும் சுருங்குகிறது. எந்தத் தசை வேலை செய்ய வேண்டுமோ அதைத் தவிர எல்லாம் வேலை செய்கின்றன. இரு வாத்தியார்களும் பார்ப்பது இலக்கை அல்ல, இலக்குக்குப் பதிலாக ஆஜராகும் தசைகளை.

பிரிவு தொடங்குவது அடுத்த கணத்தில். குரலுக்கு ஒலி என்ற சாட்சி உண்டு. அபஸ்வரம் விழுந்தால் அந்த அறையில் இருக்கும் அத்தனை காதும் அறியும். இடுப்புத் தளத்துக்கு அப்படி ஒரு சாட்சி இல்லை. 1991-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 47 பெண்களுக்குச் சுருக்கமாக வாய்மொழியில் மட்டும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்துச் சோதித்தார்கள். சரியாகச் செய்தவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர். 12 பேர், அதாவது நான்கில் ஒருவர், கசிவை அதிகமாக்கக்கூடிய விதத்தில் கீழ்நோக்கி முக்கினார்கள். சரளி வரிசையைத் தவறாகப் பாடும் குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பாட்டி திருத்திவிடுவாள். கீழ்நோக்கி முக்குகிறவளை யார் திருத்துவது? மாதக் கணக்கில் நம்பிக்கையோடு தவறைப் பழகுவாள்.

ஆகவே சான்றிதழ் என்ற சொல் இரு தொழில்களிலும் வேறு வேறு கனம் கொள்கிறது. நம்மூரில் லோயர், ஹையர் என்று அரசுத் தேர்வு எழுதி இசையாசிரியர் ஆகிறவர்களும் உண்டு. எந்தத் தேர்வும் எழுதாமல் குருவிடம் இருந்து கற்றுப் பெரிய வித்வானாகக் கற்பிக்கிறவர்களும் உண்டு. சான்றிதழ் இல்லாத வாத்தியாரால் மாணவிக்கு நேரக்கூடிய நஷ்டம் பெரும்பாலும் சங்கீதத்தோடு நிற்கும். பயிற்றுநர் சான்றிதழோ சில வாரத்திலும் கிடைக்கிறது. தசைகளின் அமைப்பு, சிறுநீர்ப்பையின் வேலை, கர்ப்பம், பிரசவம், மாதவிடாய் நிற்கும் காலம் என்று பாடங்கள் நன்றாகவே இருக்கலாம். ஆனால் உள்சோதனை செய்து தசையின் பலத்தை 0 முதல் 5 வரை மதிப்பிடுவது மருத்துவர், அதற்கெனப் பயின்ற பிசியோதெரபிஸ்ட் போன்றோரின் வேலை. பயிற்றுநர் வெளியே நின்றுதான் கற்பிக்க வேண்டும். காரணமில்லாத ரத்தப்போக்கு, வலி, அடி இறங்கி ஏதோ தொங்குவதுபோன்ற உணர்வு என்று ஒருத்தி சொன்னால் பாயைச் சுருட்டிவைத்து, அவளை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். எந்தக் கேள்விக்கு ‘இது என் வேலை இல்லை’ என்று பதில் சொல்ல வேண்டும் எனக் கற்றுத்தராத படிப்பில் பணம் கட்ட வேண்டாம் என்பேன்.

இவ்வளவு விலகியபின் இரண்டும் மறுபடி சேரும் இடம் எதிர்பாராதது. நாதம் மூலாதாரத்தில் பிறக்கிறது என்பது நம் சங்கீத மரபு. தியாகராஜரின் ‘ஸ்வர ராக சுதா’ கீர்த்தனையும் அதைச் சொல்கிறது. மூலாதாரம் என்று மரபு காட்டும் இடம், கெகல் தம் கருவியை வைத்த இடத்துக்கு வெகு அருகில். உடற்கூறு அறிந்து எழுதியது என்று வாதாட மாட்டேன். அது தியானத்தின் மொழி. ஆனாலும் குரலையும் இடுப்புத் தளத்தையும் மூச்சு பிணைக்கிறது. மூச்சை உள்ளிழுக்கையில் உதரவிதானம் இறங்குகிறது, கூடவே இடுப்புத் தளமும் சற்றுத் தாழ்கிறது. வெளியே விடுகையில் இரண்டும் எழுகின்றன. நீளமாக ஒரு ஸ்வரத்தை நிறுத்திப் பாடுகிறவள் உதரவிதானம் என்ற கூரையை மெல்ல ஏற்றிக்கொண்டிருக்கும்போது, தரையும் கூடவே ஏறுகிறது. இரு வாத்தியார்களும் முதல் நாள் ஒரே பாடத்தைத் தொடங்குவது இதனால்தான்: மூச்சைப் பிடிக்காதே.

சாதகத்தின் கணக்கும் பொருந்திவருகிறது. இந்தத் தசையில் நெடுநேரம் தாங்கும் இழைகளும் உண்டு, சட்டென்று இறுகும் இழைகளும் உண்டு. அதனால் பத்து விநாடி நிறுத்துவதும் வேண்டும், படபடவென்று இறுக்கி விடுவதும் வேண்டும். அகார சாதகமும் மூன்றாம் காலமும்போல. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு எட்டுக்குக் குறையாமல், மேற்பார்வையோடு மூன்று மாதமாவது செய்யச் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு நுணுக்கம்: இருமலோ தும்மலோ வரப்போகிறது என்று தெரிந்ததும், அது வருவதற்கு அரை நொடி முன்னால் தசையை மேலே இழுத்துக்கொள்வது. தாளம் விழுமுன்பே பாட்டைத் தொடங்கும் அதீத எடுப்பேதான். அதைப் பழகாதவர்கள் தும்மலோடு சேர்ந்து இறுக்குகிறார்கள்; தாளம் விழுந்துவிட்டது.

தளர்த்துவதைப் பற்றிப் பாட்டு வகுப்பு எப்போதும் பேசும். பயிற்சி வகுப்பில் அது விட்டுப்போகிறது. சிலருக்குத் தசை தளர்ந்திருப்பதல்ல, எந்நேரமும் இறுகியிருப்பதே நோய். அவர்களிடம் போய் ‘இன்னும் இறுக்குங்கள்’ என்பது தொண்டை கட்டியவளை உச்ச ஸ்தாயியில் பாடச் சொல்வது.

கடைசி வேற்றுமைதான் என்னை அதிகம் வருத்துவது. பாட்டு கற்கிறவள் ஊருக்குச் சொல்லிக்கொண்டு போகிறாள். இவளோ ‘இருமினா ஒண்ணுக்கு வந்துடுது’ என்ற ஒரு வரியைச் சொல்லச் சில சமயம் பத்து வருஷம் எடுத்துக்கொள்கிறாள். பிரான்ஸில் பிரசவமான பெண்ணுக்கு இந்தப் பயிற்சியின் செலவைப் பொதுக் காப்பீடே ஏற்கிறது. நம் வீடுகளில் பத்தியச் சோறு உண்டு, வேது வெந்நீர் உண்டு, வயிற்றைச் சுற்றிக் கட்டப் பழைய புடவை உண்டு. கீழே தாங்கும் தரையைப் பற்றி மட்டும் யாரும் வாய்திறப்பதில்லை. அந்த வரியை முகம் சுளிக்காமல் கேட்பது எந்தத் தேர்விலும் மதிப்பெண் இல்லாத திறமை.

பாட்டு வாத்தியாருக்கு ஒரு நாள் அரங்கேற்றம் வரும். முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவார். பயிற்றுநரின் மாணவி என்றோ ஒரு நாள் மகளோடு ஸ்கிப்பிங் ஆடுவாள், பஸ்ஸில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து வருவாள், பலமாகத் தும்முவாள். ஒன்றும் நேராது. வகுப்பு எடுத்தவருக்கு அது தெரியவே தெரியாது.